அப்பர் தாம்சன் விறகடுப்பு பீட்சா கடை: பல வருடமாகச் சாப்பிட்டுவரும் அனுபவம்

இந்தக் கடையில் நாம் காசு கொடுப்பது மாவுக்கு. மேலே போடுகிற சாமானெல்லாம் அதற்கு அப்புறம்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால் பிடிக்கும், "இவ்வளவு காசு கொடுத்தும் மேலே ஒன்றும் இல்லையே" என்று தட்டைப் பார்க்கிறவர்களுக்குப் பிடிக்காது. எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சியும் உண்டு. என் நாத்தனாருக்கு பீட்சா என்றால் சீஸ் வழிய வேண்டும், கோழித்துண்டு நிறைய இருக்க வேண்டும். அவரை ஒரு தடவை கூட்டிப்போனதோடு சரி. அவர் கேட்பதில் தப்பில்லை, அவருக்கு வேண்டியது வேறு கடைகளில் பாதி விலைக்குக் கிடைக்கிறது.

கடை சிங்கப்பூரில் அப்பர் தாம்சன் சாலைப் பக்கம், ஒரு கடைவீட்டின் கீழ்த்தளம். பெயரை எழுதவில்லை. எழுதட்டுமா என்று முதலாளியம்மாவிடம் கேட்டேன், தாராளமாக எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம், இப்போது வருகிறவர்களுக்கே மேசை கொடுக்க முடியவில்லை என்றார். எட்டு மேசை, அடுப்புக்கு எதிரே நீளமாக ஒரு உயர மேசை, அவ்வளவுதான் இடம். மகன் பாலர் பள்ளியில் இருந்தபோது போக ஆரம்பித்தோம், இப்போது அவன் உயர்நிலை இரண்டு. அப்போதெல்லாம் அங் மோ கியோவிலிருந்து பேருந்துதான். 2021 ஆகஸ்ட்டில் அப்பர் தாம்சன் எம்ஆர்டி ரயில் நிலையம் திறந்த பிறகு போய்வருவது சுலபமாகிவிட்டது, கூட்டமும் கூடிவிட்டது. கார் கொண்டுபோவதாக இருந்தால் யோசியுங்கள், சாயங்காலத்தில் அந்தப் பக்கம் நிறுத்த இடம் கிடைப்பது பெரும்பாடு.

சரி, மாவுக்கு வருகிறேன். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து முறை பீட்சாவின் மாவில் இருப்பது கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட், இந்த நாலுதான். சர்க்கரை கிடையாது, பால், முட்டை, வெண்ணெய் எதுவும் கிடையாது. நேப்பிள்ஸில் 1984-இல் இதற்கென்றே ஒரு சங்கம் ஆரம்பித்து உருண்டை எத்தனை கிராம், விளிம்பு எவ்வளவு உயரம் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். குறுக்களவு 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, அடுப்பில் 60 முதல் 90 விநாடி வரைதான் இருக்க வேண்டும். இந்தக் கடை அந்தச் சங்கத்தின் சான்றிதழ் வாங்கிய கடை இல்லை, ஆனால் செய்யும் முறை அதேதான். ஒன்றரை நிமிடத்துக்குள் வேக வேண்டுமென்றால் அடுப்பு 430 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்க வேண்டும், நம் வீவக அடுக்குமாடி வீட்டு ஓவன் பெரும்பாலும் 250-லேயே நின்றுவிடும். வீட்டில் எத்தனை நல்ல மாவு வாங்கிச் செய்தாலும் பத்து நிமிடம் உள்ளே கிடந்து ஈரமெல்லாம் போய் முறுகிவிடுவதற்குக் காரணம் இதுதான். கடையில் விளிம்பு புசுபுசுவென்று எழும்பி, வெளியே கரும்புள்ளிகள் விழுந்து, உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். கிள்ளிப் பார்த்தால் பெரிய பெரிய காற்றறைகள் தெரியும். சாஸ் படாத அந்த விளிம்பை மட்டும் தனியாகப் பிய்த்துத் தின்னுங்கள், லேசான புளிப்பு, உப்பு, கோதுமை வாசனை மூன்றும் தெரியும். அங்கே போகிற பாதிப்பேர் அதைத் தட்டோரம் ஒதுக்கிவைத்துவிட்டு எழுந்துபோவதைப் பார்க்கும்போது எனக்கு மனசே ஆறாது.

சிங்கப்பூரில் இந்த மாவைப் பிடித்துவைப்பது லேசான வேலை இல்லை. வீட்டில் தோசைக்கு அரைக்கிறவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம், ஊரில் மார்கழி மாதம் ராத்திரி முழுக்க வைத்தாலும் பொங்காத மாவு இங்கே காலையில் அரைத்தால் சாயங்காலத்துக்குள் பாத்திரத்தைத் தாண்டிவிடும். பீட்சா மாவுக்கும் அதே கதைதான். 30 டிகிரி வெயிலில், இவ்வளவு ஈரக்காற்றில் வெளியே வைத்தால் ருசி சேர்வதற்கு முன்பே பொங்கித் தளர்ந்துவிடும், விரிக்கும்போது கிழியும். அதனால் ஈஸ்ட்டை மிகமிகக் குறைவாகப் போட்டு, குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள் மெதுவாகப் புளிக்கவிட்டு, அன்றைக்கு வேண்டிய உருண்டைகளை மட்டும் கடை திறப்பதற்கு முன் வெளியே எடுத்து வைக்கிறார்கள். அந்த உருண்டைகள் தீர்ந்தால் கடை முடிந்தது. ராத்திரி எட்டரைக்குப் போய் "தீர்ந்துவிட்டது" என்று திரும்பியவர்கள் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாளைக்கு முன் பிசைந்ததை அந்த நேரத்தில் எங்கிருந்து கொண்டுவர முடியும்?

முதல் தடவை போகிறவர்களுக்கு ஒன்று. நடுப்பகுதி மெல்லிசாக, தொளதொளவென்று ஈரமாகத்தான் இருக்கும். அது வேகாததல்ல. கரும்புள்ளியும் தீய்ந்ததல்ல. ஒரு நாள் பக்கத்து மேசை அங்கிள் இரண்டையும் சொல்லித் தட்டைத் திருப்பி அனுப்பினார், அவர்களும் முகம் சுளிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அடுப்பில் வைத்துக் கொடுத்தார்கள். நீங்களும் கேட்கலாம், கொடுப்பார்கள். ஆனால் முதலில் அப்படியே ஒரு துண்டை மடித்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அப்புறம், தட்டு வந்த உடனே சாப்பிட வேண்டும். படம் எடுத்து, அனுப்பி, பதில் பார்த்து என்று ஏழெட்டு நிமிடம் போனால் பாதி ருசி போய்விடும். இதில் நான் வீட்டில் கொஞ்சம் கறார்தான், மகன் கைப்பேசியை எடுத்தால் என் கை தானாக நீளும்.

தக்காளி டின்னில் வருவது, வெசூவியஸ் எரிமலைப் பக்கத்து சான் மார்சானோ வகை. அதைச் சமைப்பதில்லை, கையால் நசுக்கி உப்புப் போட்டு அப்படியே தடவுகிறார்கள். நமக்குச் சந்தையில் கிடைக்கிற கேமரன் மலைத் தக்காளி சாம்பாருக்கு அருமையானது, இதற்கு நீர் அதிகம். சீஸ் பசும்பால் மொசரெல்லா. கூடுதலாக ஏழு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்தால் எருமைப்பால் மொசரெல்லா போடுவார்கள், ருசி நிச்சயம் அதிகம், ஆனால் அது விடுகிற தண்ணீரில் நடுப்பகுதி இன்னும் தளர்ந்துவிடுகிறது. நான் பசும்பாலோடு நிறுத்திக்கொள்வேன். மெனுவில் இருபது வகை இருந்தாலும் இவ்வளவு காலத்தில் நாங்கள் திரும்பத் திரும்ப வாங்குவது மூன்றுதான்: சீஸ் இல்லாத மரினாரா, தக்காளியும் மொசரெல்லாவும் போட்ட மார்கரிட்டா, காளான் போட்டது ஒன்று. காய்கறிகள் குவித்த ஒன்றும் உண்டு, அது வேண்டாம். ஒன்றரை நிமிடத்தில் கத்தரிக்காயும் குடைமிளகாயும் சரியாக வேகாது, முன்பே வதக்கிப் போட்டாலும் எண்ணெய் மாவில் இறங்கிவிடுகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பத்தியைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இதை மெனுவில் போடமாட்டார்கள். பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்கிற பார்மசான் சீஸைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதியைக் கொண்டுதான் உறைய வைக்க வேண்டும், அது அந்தச் சீஸின் விதி. இத்தாலியின் காம்பானியா வட்டாரத்திலிருந்து அந்த வட்டாரத்தின் பெயரோடு வரும் எருமைப்பால் மொசரெல்லாவும் அப்படியே. என் அம்மா புரட்டாசி முழுக்கச் சுத்த சைவம், அதனால் ஒரு தடவை நேராகவே கேட்டுவிட்டேன். முதலாளியம்மா உள்ளே போய் பசும்பால் மொசரெல்லா பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினார், அதில் நுண்ணுயிர் ரென்னெட் என்று இருந்தது. ஆக, "பார்மசான் தூவ வேண்டாம்" என்று சொல்லி மார்கரிட்டா வாங்கலாம். அதைவிட நல்லது மரினாரா: தக்காளி, பூண்டு, ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய், சீஸே கிடையாது, மீனும் கிடையாது. மாவின் ருசி முழுசாகத் தெரிவதும் அதில்தான். ஆனால் பன்றி இறைச்சி போட்ட பீட்சாவும் அதே அடுப்புத் தரையில்தான் வேகிறது, அதே பலகையில்தான் போய்வருகிறது. அம்மா அது தெரிந்தும் பரவாயில்லை என்றார். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முஸ்லிம் நண்பர்களுக்கு: முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) தரும் ஹலால் சான்றிதழ் இல்லை, பன்றி இறைச்சியும் ஒயினும் உண்டு. அலுவலகத் தோழிகள் எல்லோரும் சேர்ந்து போகும்போது நாங்கள் இங்கே போவதில்லை.

இப்போது கெட்ட காலத்தையும் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் பல வருட அனுபவம் என்று எழுதுவதில் அர்த்தமில்லை. ஆரம்பத்தில் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர் இத்தாலியில் வேலை கற்றுவந்த ஒரு சிங்கப்பூர்க்காரர். 2022 நடுவில் அவர் விலகிவிட்டார். அதற்குப் பிறகு பல மாதம் கடை கடையாகவே இல்லை. மாவு, தக்காளி, சீஸ் எல்லாம் அதேதான், அடுப்பும் அதேதான், ஆனால் அடி வெளுத்து வந்தது, விளிம்பு எழும்பவில்லை, ஒரு பக்கம் கருகி மறுபக்கம் பச்சையாக இருந்தது. விறகு எரியும் பக்கத்தில் சூடு அதிகம், நடுவில் திருப்பிவிட வேண்டும், எப்போது திருப்புவது என்பது விநாடிக் கணக்கு. 2017-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது பீட்சா என்ற பண்டத்தை அல்ல, அதைச் செய்கிற நேப்பிள்ஸ்காரர்களின் கைத்தொழிலை. அது ஏன் என்று அந்த மாதங்களில் எனக்கு நன்றாகவே விளங்கியது. நாங்களும் போவதைக் குறைத்துக்கொண்டோம், மாதம் ஒரு தடவை என்பது எப்போதாவது என்று ஆனது.

அதைத் தூக்கி நிறுத்தியவர் மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து வந்த ஒரு தம்பி. நம் தமிழ்ப்பிள்ளை. 2019-இல் பாத்திரம் கழுவவும் மாவு பிசையவும் சேர்ந்தவர், தினமும் விடியற்காலையில் கடற்பாலம் தாண்டி வந்து ராத்திரி திரும்புவார். 2020 மார்ச் 18-இல் மலேசியா எல்லையை மூடியபோது இங்கேயே தங்கிவிட்டார், 2022 ஏப்ரலில் தரைவழி முழுசாகத் திறக்கும்வரை வீட்டை விட்டு இருந்தார். அந்த நாட்களில் அம்மா அவருக்குச் சில தடவை புளிச்சோறு கட்டிக் கொடுத்தது உண்டு. அடுப்புக்கு ஆள் இல்லாமல் போனதும் இவரை நிறுத்தினார்கள். மாவு பிசைந்து பழகிய கை என்றாலும் அடுப்பு வேறு வித்தை. தடுமாறித்தான் தொடங்கினார், நான் மேலே சொன்ன வெளுத்த பீட்சாக்களில் பாதி இவர் போட்டவை. "அக்கா, இன்னைக்கு எப்படி இருக்கு, உண்மைய சொல்லுங்க" என்று ஒவ்வொரு தடவையும் மேசைக்கே வந்து கேட்பார், நாங்களும் உண்மையைத்தான் சொன்னோம். இப்போது என் அபிப்பிராயத்தில் பழையவரை விட இவர் கை மேல். வருடக்கடைசி மழைக்காலத்தில் மாவைச் சற்று அதிக நேரம் வெளியே வைப்பது, வெயில் கொளுத்துகிற மே மாதத்தில் தண்ணீரைப் பனிக்கட்டி போட்டுக் குளிரவைத்துப் பிசைவது, இதெல்லாம் அவராகவே செய்துபார்த்துக் கண்டுபிடித்தது. பழையவர் இருந்தபோது நல்ல நாள், சுமாரான நாள் என்று வித்தியாசம் தெரியும். இப்போது வாரநாளில் போனால் அந்த வித்தியாசமே இல்லை.

வாரநாள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை ஏழு மணிக்கு மேல் அடுப்பில் பீட்சா மாற்றிப் பீட்சா விழும்போது தரைக்கல் சூடு இறங்கிவிடுகிறது, மறுபடி ஏறுவதற்கு நேரம் கொடுக்க முடிவதில்லை. மேல்சூடு இருப்பதால் மேலே பார்க்க நன்றாகவே இருக்கும், திருப்பிப் பார்த்தால் அடி வெளுத்திருக்கும். அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் தம்பியும் என்னதான் செய்வார். செவ்வாய் முதல் வியாழன் வரை, ஆறு ஆறரைக்குள் போங்கள்.

விலை. மார்கரிட்டா நாங்கள் போக ஆரம்பித்தபோது 18 வெள்ளி, இப்போது 24. ஆனால் மெனுவில் போட்டிருப்பதை நம்பிப் போகக்கூடாது. 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதையும் சேர்த்த தொகைக்குப் பொருள் சேவை வரி. வரி அப்போது 7 விழுக்காடு, 2023-இல் 8, 2024-இலிருந்து 9. ஆக, அன்றைக்கு 21 வெள்ளி 19 காசாக இருந்தது இன்றைக்கு 28 வெள்ளி 78 காசு. மூன்று பேர் போய் மூன்று பீட்சா, ஒரு சாலட் என்றால் நூறைத் தாண்டும். இது நமக்குப் பெரிய காசுதான், அதில் சந்தேகமே இல்லை. நாங்கள் மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொண்டோம், அதற்காக மற்ற வாரக்கடைசிகளில் காப்பிக்கடையோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்குப் பிடிக்காதது தண்ணீர்க் காசு. வடிகட்டிய தண்ணீருக்குத் தலைக்கு ஒரு வெள்ளி என்று போட ஆரம்பித்திருக்கிறார்கள், குழந்தைக்கும் உண்டு. இத்தனை வருடம் வருகிறவர்களிடம் தண்ணீருக்குக் காசு வாங்குவது மனசுக்கு ஒப்பவில்லை, முதலாளியம்மாவிடமே சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டு வாடகையைச் சொன்னார்.

வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் சாப்பிடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது என்பதுதான் என் பதில். மூடிய பெட்டிக்குள் ஆவி வெளியே போக வழியில்லாமல் மாவிலேயே இறங்கி, பதினைந்து நிமிடத்தில் ரப்பராகிவிடும். 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்யூட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கக் காலத்தில் உட்கார்ந்து சாப்பிட வழியே இல்லாதபோது கடைக்காரர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். தக்காளி மட்டும் தடவிப் பாதி வேகவைத்து, ஆறவிட்டு, காற்றெடுத்த பையில் போட்டுக் கொடுத்தார்கள், சீஸ் தனியாக. அதை நான் தோசைக்கல்லில் முடித்தேன். கல்லை நன்றாகக் காயவைத்து, தீயை நடுத்தரமாக்கி, எண்ணெய் விடாமல் பீட்சாவை வைத்து, சீஸ் போட்டு மூடிவிட வேண்டும், மூன்று நான்கு நிமிடம். முழுசாக வெந்து மீந்துபோன துண்டுகளுக்கும் இதே முறைதான், மூடுவதற்கு முன் கல்லின் ஓரத்தில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் விளிம்பு இளகும். மைக்ரோவேவ் பக்கமே போகாதீர்கள். கட்டாயம் வாங்கித்தான் போக வேண்டுமென்றால் வெட்டாமல் தரச்சொல்லுங்கள், பெட்டி மூடியைக் கொஞ்சம் திறந்தே வைத்துக் கொண்டுபோங்கள்.

காரம் வேண்டும் என்கிறவர்களுக்கு: மேசையில் மிளகாய் எண்ணெய் இருக்கும், கேட்டால் சிலி பாடி என்கிற சின்ன மிளகாயை நறுக்கித் தருவார்கள். ஆகஸ்ட்டில் தேசிய தினத்தை ஒட்டி நெத்திலி சம்பல் பீட்சா ஒன்று வரும், மகனுக்கு அதுதான் உயிர், பிஎஸ்எல்இ என்கிற தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த அன்று நவம்பரில் அதைக் கேட்டு நின்றான், தம்பி அவனுக்காகச் சம்பல் கிண்டிப் போட்டுக் கொடுத்தார். நல்ல பண்டம்தான், ஆனால் சம்பலில் பெலாச்சான் என்கிற இறால் விழுதின் வாசனை ஏறிவிட்டால் மாவு எங்கே தெரியும், அதனால் நான் அதில் ஒரு துண்டோடு சரி. திராமிசு என்கிற இத்தாலிய இனிப்பு நன்றாக இருக்கும், அதில் பச்சை முட்டையும் மதுவும் சேர்கிறது, கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைகளோடு போகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றபடி சின்ன விஷயங்கள். உள்ளே சத்தம் அதிகம். துணியில் விறகுப்புகை ஏறும், பட்டுப்புடவையோடு கல்யாண வீட்டிலிருந்து நேரே போக வேண்டாம். கடை முன்னாலிருக்கிற ஐந்தடிப் பாதையில் படி இருக்கிறது, சக்கர நாற்காலி என்றால் முன்கூட்டியே சொன்னால் இரண்டு பேர் வந்து தூக்கிவிடுவார்கள், என் அம்மாவுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். கழிப்பறை வெளியே பின்சந்தில். வாரக்கடைசியில் மேசைக்கு ஒன்றரை மணி நேரம்தான் தருவார்கள், வாரநாளில் யாரும் எழுப்பமாட்டார்கள். திங்கள் விடுமுறை.

புதிதாகப் போகிற இருவர் ஒரு மரினாரா, ஒரு மார்கரிட்டா சொல்லுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டாம், மரினாரா முதலில் வரட்டும் என்று சொல்லிவிடுங்கள், சீஸ் நாக்கில் படிந்த பிறகு மாவின் புளிப்பு பிடிபடாது. இடம் கேட்கும்போது அடுப்புக்கு எதிரே இருக்கிற உயர மேசையைக் கேளுங்கள். சூடு கொஞ்சம் அடிக்கும், முதுகுவலி உள்ளவர்களுக்கு அந்த நாற்காலி ஒத்துவராது. ஆனால் அடுப்பிலிருந்து எடுத்த பீட்சா அரை நிமிடத்துக்குள் உங்கள் முன்னால் இருக்கும்.